தீங்கற்ற தூசி

ஜூலை 8, செவ்வாய்

ஆய்வகக் குறிப்பேட்டில் எலியின் எண், எடை, அறையின் வெப்பம் இவைதான் இருக்க வேண்டுமாம். நேற்று நான் ஓரத்தில், "ஏசி மறுபடியும் மக்கர், யாருக்கும் அக்கறையில்லை" என்று எழுதியதை எங்கள் தலைவர் டாக்டர் ஜோதிலிங்கம் சிவப்பு மையால் அடித்துவிட்டார். அக்கறையை எல்லாம் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் தேன்மொழி என்றார். சரி என்று வீட்டில் ஒரு நோட்டு வாங்கி வைத்துவிட்டேன். இதில் யாரும் சிவப்பு மை வைக்க முடியாது.

நடப்பது இதுதான். சமையல் மேடைக்குப் போடுகிற செயற்கைக் கல் பலகைகளை அறுக்கும் பட்டறைகளில் ஆட்களுக்கு நுரையீரல் கெட்டுப்போகிறது. அந்தத் தூசியை எலிகளுக்குச் சுவாசிக்கக் கொடுத்து, பிறகு நுரையீரலை அறுத்துப் பார்ப்பது எங்கள் வேலை. அறுத்ததை மைக்ராஸ்கோப்பில் படிப்பது என் வேலை. எலிகள் மூன்று கூட்டம். ஒன்றுக்கு வெறும் சுத்தமான காற்று. ஒன்றுக்குக் கல் தூசி. மூன்றாவதற்கு உடம்பை ஒன்றும் செய்யாத ஏதாவது ஒரு தூசி. எந்தத் தூசியானாலும் கெடுதல்தானே என்று நாளைக்கு யாரும் கேட்டுவிடக் கூடாது, அதற்காக.

அந்தத் தீங்கற்ற பொடி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். ஒரு மாதமாகச் சென்னைத் துறைமுகத்தில் தூங்குகிறது. எலிகள் வந்துவிட்டன. தின்று கொழுக்கின்றன.

ஜூலை 11, வெள்ளி

இன்றைய கூட்டத்தில் நான்தான் சொன்னேன், கோலமாவு என்று. முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு யாருக்கும் மறுக்கத் தெரியவில்லை. ஊரில் உள்ள அத்தனை பெண்களும் தினம் காலையில் குனிந்து மூக்குக்கு நேரே தூவுகிற பொடி. இதைவிடத் தீங்கற்ற தூசி எந்த நாட்டிலிருந்து வரப்போகிறது?

நிரூபணம் வேண்டும் என்றார் ஜோதிலிங்கம். மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது அலமாரியின் அடித்தட்டில் என் தங்கை எப்போதோ கொடுத்த டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை மடித்துக்கொண்டு போனேன். நான் கோலம் போடுகிறவள் இல்லை. அந்த டப்பாவைத் திறந்து மூன்று பொங்கலாவது ஆகியிருக்கும். மேலே இரண்டு சொட்டு அமிலம் விட்டதும் சோடா மாதிரி பொங்கியது. சுண்ணாம்புக்கல். சுத்தமான, சாதுவான சுண்ணாம்புக்கல். தலைவருக்கு மகிழ்ச்சி. எனக்கு அதைவிட மகிழ்ச்சி, ஏனென்றால் யோசனை என்னுடையது.

ஜூலை 13, ஞாயிறு

பூங்கொடியின் கொட்டகைக்குப் போனேன். ஓமலூர் ரோட்டில் தகரக் கூரை போட்ட நீள அறை. என் தங்கை என்னைவிட நான்கு வயது சின்னவள், வாய் மட்டும் என்னைவிட நான்கு மடங்கு. "பூங்கொடி கோலமாவு" என்று மஞ்சள் பாக்கெட்டில் அவள் பெயர் அச்சாகி, சுற்றுவட்டாரச் சந்தை எல்லாவற்றிலும் தொங்குகிறது. நான் டாக்டர் பட்டம் வாங்கியபோதுகூட என் பெயர் எங்கேயும் தொங்கவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். "எலிக்குக் கோலம் போடச் சொல்லிக் குடுக்கப் போறியாக்கா?" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது.

மிக நைஸாக ஐந்து கிலோ வேண்டும் என்றேன். கதவைச் சாத்தினாள். காற்று புகுந்தால் நைஸ் மாவு பறந்து வீணாகிவிடுமாம். பழைய வேட்டித் துணி கட்டிய சல்லடையை அவள் ஆட்ட ஆட்ட, அறை முழுக்க வெள்ளையாக எழும்பி நின்றது. பாக்கெட் ஒட்டுகிற அலமேலு மூலையில் தூளி கட்டிக் குழந்தையைப் போட்டிருந்தாள். குழந்தையின் புருவத்தில்கூட மாவு.

மாவு முன்னைவிட வெளுப்பாக இருக்கிறதே என்றேன். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் புருஷன் மாதேஷ் இரண்டு வருடமாக வேறொரு குழியிலிருந்து கல் ஏற்றி வருகிறாராம். "பழைய கல்லு பழுப்படிக்கும்க்கா. இதப் பாரு, பாலு. விரல்ல நூலாட்டம் எறங்கும்." அள்ளிக் காட்டினாள். நிஜமாகவே அழகான மாவுதான்.

அவளுக்குக் காசநோய் மாத்திரை ஆறு மாதம் முடித்து இப்போது இரண்டாம் சுற்று. நேரத்துக்குப் போடாததால்தான் இருமல் நிற்கவில்லை என்று நன்றாகத் திட்டினேன். வரும்போது ஐந்து கிலோ மாவும் ஒரு தூக்கு புளிச்சோறும் கொடுத்தாள்.

ஜூலை 21, திங்கள்

முதல் நாள். எலிகளை ஒவ்வொன்றாகக் குழாய்க்குள் விட்டு, மூக்கு மட்டும் தூசிப் பெட்டிக்குள் நீளும்படி பொருத்தினோம். தினம் ஆறு மணி நேரம், மூன்று மாதம். கோலமாவுப் பெட்டியின் மேல் யாரோ ஸ்கெட்ச் பேனாவால் நாலு புள்ளிக் கோலம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

எந்த எலி எந்தக் கூட்டம் என்பது ஷகிலாவுக்கு மட்டும்தான் தெரியும். புள்ளிவிவரம் பார்க்கிற பெண், சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. அறுத்த பிறகு எல்லாவற்றுக்கும் ரகசிய எண் போட்டுத்தான் என்னிடம் தருவாள். தெரிந்து படித்தால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும், அதனால் இந்த ஏற்பாடு.

கோலமாவு அறைக்குள் மாஸ்க் இல்லாமல் நுழைந்தேன். ஷகிலா வெளியே அனுப்பிவிட்டாள். கோலமாவுக்கு எதற்கம்மா மாஸ்க் என்று கேட்டேன். விதி விதிதான் மேடம் என்றாள். சின்னப் பெண்ணுக்கு இவ்வளவு கறார் ஆகாது.

ஆகஸ்ட் 2, சனி

ஸ்கூட்டர் பேட்டரி போய்விட்டது. தண்ணீர் லாரியும் வரவில்லை. வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பூங்கொடியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சளியில் கிருமி இல்லை என்று மூன்றாவது தடவையாக வந்திருக்கிறது. ஆனாலும் எக்ஸ்ரேயில் அடையாளம் இருக்கிறது, மாத்திரையைத் தொடருங்கள் என்றார் அங்கிருந்த டாக்டர். வெளியே வரிசை வாசல்வரை நின்றது. அவரைக் குறை சொல்லி என்ன?

சீட்டு எழுதுகிற இடத்தில் என்ன வேலை என்று கேட்டார்கள். வீட்டில்தான் இருக்கிறேன் என்றாள். கோலமாவு சலிப்பதை ஒரு வேலை என்று அவளே நினைப்பதில்லை. நானும் திருத்தவில்லை, பின்னால் ஆட்கள் நெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

காத்திருந்த நேரத்தில் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் மேல்பாதியில் ரவை சிந்தினதுபோலப் புள்ளிகள். நான் எலி டாக்டர். மனிதர்களின் படம் படிக்க எனக்குப் பயிற்சி கிடையாது. உறைக்குள் போட்டுவிட்டேன்.

வரும் வழியில் அவளுக்கு இட்லி இறங்கவில்லை. காபி மட்டும் குடித்தாள்.

செப்டம்பர் 19, வெள்ளி

எலிகள் எல்லாம் எடை கூடிவிட்டன. பூங்கொடி குறைந்திருக்கிறாள். இரண்டையும் ஒரே வரியில் எழுதியிருக்க வேண்டாம்.

அக்டோபர் 17, வெள்ளி

தூசி கொடுப்பது முடிந்தது. ஒவ்வொரு கூட்டத்திலும் பாதி எலிகளை இன்று முடித்தோம். மீதிப் பாதியை இன்னும் இரண்டு மாதம் சாதாரணக் காற்றில் விட்டுவைப்போம். தூசி நின்றபின் நுரையீரல் தேறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஷகிலா அவற்றுக்கு "பென்ஷன் பார்ட்டி" என்று பெயர் வைத்திருக்கிறாள். ஜோதிலிங்கம் ரசிக்கவில்லை, அவருக்கு மே மாதம் ஓய்வு.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

அதிரசம் எடுத்துக்கொண்டு பூங்கொடியும் மாதேஷும் வந்தார்கள். லிப்ட் வேலை செய்யவில்லை. என் வீடு மூன்றாம் மாடி. மாதேஷ் மட்டும் வந்து கதவைத் தட்டினார். இறங்கிப் போய்ப் பார்த்தால் இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்திருக்கிறாள். செருப்பு வார் அறுந்துவிட்டதாம். செருப்பைப் பார்த்தேன். வார் நன்றாகவே இருந்தது.

"பாக்காதக்கா. வயசாவுதுல்ல" என்றாள். முப்பத்தொன்பது வயது. இந்த ஜூன் மாதம்கூட அவள் என்னைவிட வேகமாக இந்தப் படிகளை ஏறியது எனக்கு நினைவிருக்கிறது. அங்கேயே படியில் உட்கார்ந்து மூவரும் அதிரசம் தின்றோம். கீழ்வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

நவம்பர் 14, வெள்ளி

ஒரு வாரமாக மைக்ராஸ்கோப்தான். ரகசிய எண்ணைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது. கழுத்து பிடித்துக்கொண்டது. ஆனால் வேலை சுகமாக இருக்கிறது.

சில நுரையீரல்களில் முடிச்சுகள். வெங்காயத்தைக் குறுக்கே அறுத்ததுபோல வளையத்துக்குள் வளையம். நடுவே மூச்சுக்கு இடமே இல்லை. இருபது வருடத்தில் இவ்வளவு தெளிவான முடிச்சுகளை நான் பார்த்ததில்லை. ஷகிலாவைக் கூப்பிட்டு, அழகைப் பார் என்று காட்டினேன். படம் எடுத்து வைத்தோம்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. மூன்று கூட்டத்தில் ஒன்றுதான் கெட்டிருக்க வேண்டும். நான் கெட்டது என்று குறித்தவை அதைப்போல இரண்டு பங்கு வருகின்றன. எங்கேயோ எலிகளை மாற்றிப் பொருத்தியிருக்கிறார்கள். காலை ஷிப்டில் பாட்டு கேட்டுக்கொண்டே வேலை செய்தால் இப்படித்தான் ஆகும்.

நவம்பர் 28, வெள்ளி

இன்று ரகசிய எண்களைத் திறந்தார்கள். சுத்தக் காற்று எலிகள் நன்றாக இருக்கின்றன. கல் தூசி எலிகள் கெட்டிருக்கின்றன. கோலமாவு எலிகளும் அதே அளவுக்குக் கெட்டிருக்கின்றன. நாங்கள் படம் எடுத்த அந்த அழகான முடிச்சு கோலமாவு எலியினுடையது.

ஜோதிலிங்கம், எண் மாறியிருக்கும் என்றார். ஆமாம் என்று முதலில் சொன்னவள் நான். அதோடு நிறுத்தவில்லை. ஒரு பட்டியல் ஒழுங்காக வைக்கத் தெரியவில்லையா என்று எல்லோர் முன்னாலும் ஷகிலாவைப் பிடித்துக் கத்தினேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "திரும்ப எல்லாத்தையும் பாத்துட்டுச் சொல்றேன் மேடம்" என்று மட்டும் சொன்னாள்.

டிசம்பர் 1, திங்கள்

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வந்து பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு எலியின் வால் குறி, பெட்டியில் வைத்தபோது எடுத்த போட்டோ, எல்லாவற்றையும் ஒத்துப் பார்த்துவிட்டாள். ஒன்றுகூட மாறவில்லை.

ஜோதிலிங்கம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கல் தூசி கெடுதல் என்பது நிரூபணமாகிவிட்டது, ஆய்வைக் கேட்டவர்களுக்கு அதுதான் வேண்டும், மூன்றாவது கூட்டத்தை அறிக்கையிலிருந்து எடுத்துவிடலாம், யாருக்கு நஷ்டம் என்றார். அவர் கெட்டவர் இல்லை. சொன்ன விதத்தில் நியாயமாகவே பட்டது. சரி சார் என்று பாதி தலையாட்டிவிட்டு வந்தேன்.

டிசம்பர் 3, புதன், கார்த்திகை தீபம்

எலிகளுக்குக் கொடுத்ததில் மிச்சமிருந்த மாவை இன்று எடுத்தேன். அமிலம் விட்டேன். ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் விட்டதுபோல நனைந்து அப்படியே கிடந்தது. இன்னும் விட்டேன். ஒரு குமிழி இல்லை.

வீட்டுக்கு வந்து பழைய டப்பாவை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். அது பொங்கியது.

நான் சோதித்தது ஒரு மாவு. எலிகளுக்குக் கொடுத்தது வேறு மாவு. பாக்கெட்டில் பெயர் ஒன்றுதான் என்பதால் மாவும் ஒன்றுதான் என்று இருந்துவிட்டேன். படித்தவள், பட்டம் வாங்கியவள், மூட்டைக்கு மூட்டை சோதிக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவள். வெட்கமாக இருக்கிறது.

ஷகிலாவிடம் மன்னிப்புக் கேட்டேன். மாவைப் பக்கத்துக் கல்லூரிக்குப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறாள். என்ன வரும் என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

பூங்கொடி மூன்று தடவை போன் செய்தாள். எடுக்கவில்லை. அகல் வைத்தேன், காற்றில் அணைந்துகொண்டே இருந்தது.

டிசம்பர் 5, வெள்ளி

முடிவு வந்துவிட்டது. ஏறக்குறைய முழுக்கப் படிகக்கல். கண்ணாடி செய்கிற கல். பட்டறைத் தூசியில் எது ஆட்களைக் கொல்கிறதோ அதுவேதான், இதில் கலப்படம்கூடக் குறைவு.

டிசம்பர் 8, திங்கள்

அவளை வேறொரு நுரையீரல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். வயதானவர். உட்கார்ந்ததும் முதலில் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். சும்மா வீட்டில்தான் என்று ஆரம்பித்தாள். நான் குறுக்கிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டு சலிப்பதையும் சொன்னேன். அவர் படத்தை விளக்கில் மாட்டி நெடுநேரம் பார்த்தார். இது காசநோய் இல்லை, தூசி நோய், மாத்திரையை நிறுத்துங்கள், அதற்கு முன் அந்த வேலையை நிறுத்துங்கள் என்றார்.

அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் இரண்டு நிமிடம் பேசினார். அதை இங்கே எழுதப்போவதில்லை.

ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நிறுத்திட்டாச் சரியாயிடுமாக்கா?"

"சரியாயிடும்" என்றேன். தூசியை நிறுத்திய எலிகள் எங்களிடம் இருக்கின்றன, நன்றாக ஓடி ஆடிக்கொண்டிருக்கின்றன என்றும் சொன்னேன். அது பொய் இல்லை. ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

அவள் முகம் எப்படி மாறியது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. நான்கு ரோடு அருகே ஆட்டோவை நிறுத்தச் சொல்லி மூன்று பேருக்கும் கரும்புச்சாறு வாங்கினாள், ஆட்டோக்காரருக்கும் சேர்த்து.

டிசம்பர் 16, செவ்வாய், மார்கழி முதல் நாள்

கொட்டகை பூட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். வாசலிலேயே சல்லடைச் சத்தம் கேட்டது.

கதவைத் தள்ளினேன். நான் வாங்கிக் கொடுத்த மாஸ்க் தாடைக்குக் கீழே தொங்குகிறது. போட்டுக்கொண்டால் மூச்சு வாங்குகிறதாம். என்னைப் பார்த்து அவளுக்குக் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை. நல்ல தெம்பாக இருந்தாள்.

"நிறுத்துனா சரியாயிடும்னு நீதானக்கா சொன்ன? பொங்கலோட நிறுத்திக்கறேன். ஒரே மாசம். மார்கழிக்கு மாவு குடுக்காம சந்தைக்காரங்க மூஞ்சியில எப்படி முழிக்கறது?"

கத்தினேன். மாவு வாங்கிப் போடுகிறவர்களுக்கும் ஆபத்தா என்று கேட்டாள். வெட்டவெளியில் கொஞ்ச நேரம், தண்ணீர் தெளித்த தரை, அதுவும் இதுவும் ஒன்றில்லை, இருந்தாலும் இந்தக் கல்லை விற்கக் கூடாது என்றேன். இனிமேல் பழைய கல்லையே கொண்டுவரச் சொல்கிறேன், இருப்பதை மட்டும் முடித்துவிடுகிறேன் என்றாள். அலமேலு பாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த டாக்டர் சொன்னதை அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. எலிகள் வேறு மாதிரி சொல்லட்டும் என்று இருக்கிறது எனக்கு. இருபது வருடத்தில் எந்த எலியிடமும் நான் எதையும் வேண்டிக்கொண்டதில்லை.

டிசம்பர் 18, வியாழன்

பென்ஷன் பார்ட்டி எலிகளை இன்று முடித்தோம். கடைசிவரை சுறுசுறுப்பாகத்தான் இருந்தன. ஒன்று என் கையுறையைக் கடித்தது.

டிசம்பர் 24, புதன்

தினம் சாயங்காலம் போன் செய்கிறாள். மற்ற விசாரிப்பெல்லாம் கிடையாது. "எலிங்க எப்படியிருக்குது?" நல்லாயிருக்கிறது என்கிறேன். அவற்றின் நுரையீரல்கள் மெழுகுக் கட்டியில் இருக்கின்றன, சீவிச் சாயம் ஏற்ற இன்னும் நாலைந்து நாளாகும் என்று சொல்வதில்லை. பேசும்போது வாக்கியத்தின் நடுவே நிறுத்தி மூச்சு எடுத்துக்கொள்கிறாள். முன்பு அவள் பேச்சின் நடுவே ஒரு வார்த்தை நுழைக்க இடம் கிடைக்காது.

கேஸ் தீர்ந்துவிட்டது. மாற்றுச் சிலிண்டர் நாளைக்குத்தான்.

டிசம்பர் 30, செவ்வாய்

படித்துவிட்டேன். இந்தத் தடவையும் ரகசிய எண் போட்டுத்தான் கொடு என்று ஷகிலாவிடம் நானே கேட்டு வாங்கினேன். எல்லாவற்றிலும் மோசமானவை எவை என்று குறித்துக் கொடுத்தேன். அவள் கணினியில் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

தூசி நின்று இரண்டு மாதம் சுத்தக் காற்று குடித்த கோலமாவு எலிகள்தான். அக்டோபரில் தனித்தனியாக இருந்த முடிச்சுகள் இப்போது ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகியிருக்கின்றன. ஒன்றுகூடத் தேறவில்லை. டாக்டர் அன்றைக்கு என்னிடம் சொன்னதும் இதுதான். உள்ளே போனது உள்ளேயே இருந்து வேலை செய்துகொண்டிருக்கும், வெளியே நிறுத்தினாலும் அது நிற்காது, உங்கள் தங்கைக்கு ஏற்கெனவே நிறையப் போயிருக்கிறது.

ஜோதிலிங்கத்திடம் போய் மூன்றாவது கூட்டம் அறிக்கையில் இருக்கும் என்றேன். பழைய வாதத்தைத் தொடங்கினார். அது யாருடைய கொட்டகை மாவு என்று சொன்னேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, தங்கைக்கு என்ன வயது என்று கேட்டார். சொன்னேன். அதற்குப் பிறகு எடுத்துவிடலாம் என்ற பேச்சே அவரிடமிருந்து வரவில்லை. முழுசா எழுதுங்க என்றார்.

சாயங்காலம் போன் வந்தது. எடுக்கவில்லை. இதைப் போனில் சொல்லக் கூடாது. நேரில் எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

ஜனவரி 2, வெள்ளி

இன்று சொல்லிவிட்டேன்.

கொட்டகையில் அவளும் அலமேலுவும்தான் இருந்தார்கள். சல்லடையைக் கீழே வைக்கச் சொன்னேன். வைத்தாள். எலிகளைப் பற்றிச் சொன்னேன். முடிச்சுகள் சேர்ந்துகொண்டதைச் சொன்னேன். டாக்டர் தனியாகச் சொன்னதையும் மறைக்காமல் சொன்னேன். என் குரல் வகுப்பெடுப்பதுபோல இருந்தது. அதை மாற்ற எனக்கு வரவில்லை.

முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "அப்ப அன்னிக்கு ஆட்டோவுல சொன்னது?"

"பொய்தான் பூங்கொடி."

"இப்பவே நிறுத்துனாலும் அது பாட்டுக்கு வளரும்."

"மெதுவா வளரும். நிறுத்தலேன்னா சீக்கிரம் வளரும். அதுக்காகத்தான் சொல்றேன், இன்னிக்கே நிறுத்து."

நேராக மூலைக்குப் போனாள். தூளியிலிருந்து குழந்தையை எடுத்து அதன் முகத்தைத் தன் சேலையின் சுத்தமான பக்கத்தால் துடைத்தாள். அலமேலுவின் இடுப்பில் வைத்தாள். தூளிச் சேலையை அவிழ்த்து உதறப் போனவள், உதறாமல் சுருட்டிக் கொடுத்தாள்.

"நாளையிலருந்து வராத. புள்ளையத் தூக்கிட்டு இப்பவே போ. உனக்கோ புள்ளைக்கோ இருமல் வந்தா ஊசி போட்டுக்கிட்டுக் கெடக்காத, எங்கக்காகிட்ட வந்து சொல்லு."

அலமேலு என்னைப் பார்த்தாள். நான் போ என்று தலையசைத்தேன். அவள் போனதும் எனக்கு உயிர் வந்தது. பிடிவாதக்காரி கடைசியில் கேட்டுவிட்டாள், கொட்டகையை மூடப்போகிறாள் என்று நினைத்தேன். மூட்டைகளை ஓரமாக ஒதுக்கக்கூட ஆரம்பித்துவிட்டேன்.

திரும்பிப் பார்த்தால் சல்லடையைக் கையில் எடுத்திருக்கிறாள்.

"என்ன பண்ற?"

"எனக்குப் போறது போயிருச்சுல்லக்கா. இன்னும் இவ்வளவு மூட்டை கெடக்குது. இதையும் விட்டுட்டு, வீட்ல ஒக்காந்து மூச்ச எண்ணச் சொல்றியா?"

கோபமாகச் சொல்லவில்லை. அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள். சல்லடையைப் பிடித்து இழுத்தேன். அவளுடைய கை எப்போதும் என் கையைவிட வலுவானது, இன்னும் அப்படித்தான் இருக்கிறது. சீக்கிரம், மெதுவாக என்பதற்கு நடுவே எத்தனையோ வருடம் இருக்கிறது என்றேன். கெஞ்சினேன். எனக்கு நீ வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னேன். இதுவரை எங்கள் இருவருக்குள் இப்படிப்பட்ட பேச்சு இருந்ததே கிடையாது. அவளுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் சல்லடையை விடவில்லை.

பிறகு என் தோளைப் பிடித்து மெதுவாக வாசலுக்கு நடத்திக்கொண்டு வந்தாள். என் தலைமுடியில் படிந்த மாவைத் தட்டிவிட்டாள்.

"நீ வெளிய நில்லுக்கா. உள்ள தூசி."

கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

மாதேஷுக்குப் போன் செய்தேன். ஆத்தூரில் லோடு இறக்கிக்கொண்டிருந்தார், உடனே கிளம்புகிறேன் என்றார். அவர் வரும்வரை கதவைத் தட்டிக்கொண்டே இருந்தேன். உள்ளே இருமல் வந்தபோது சல்லடை நின்றது. இருமல் அடங்கியதும் மறுபடி ஓடியது.